மதுரையில் இருந்துகொண்டே கடல்நீரையும் காற்றையும் அளப்பது எப்படி

மதுரையிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இந்தத் தூரம் கடல்நீரை அளக்க ஒரு தடையே இல்லை, ஏனென்றால் உப்பு பாட்டிலுக்குள் பத்திரமாக வந்து சேரும். வீட்டு அளவுகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தெர்மாமீட்டரைப் பார்க்காமல் எண்ணை எழுதுவது. கடல்நீரின் அடர்த்தியோ காற்றின் ஈரப்பதமோ, பக்கத்தில் வெப்பநிலை எழுதாத எண்ணை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது கீழே கணக்கோடு வருகிறது.

தேவையானவை அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு (200 கிராம் தாங்கினால் போதும், தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் பார்க்கும் தராசின் சின்னத் தம்பி). கண்ணாடி அடைப்பான் போட்ட 100 மில்லி குடுவை ஒன்று. சிவப்புத் திரவம் நிரப்பிய ஆய்வகத் தெர்மாமீட்டர் இரண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். தெர்மாமீட்டர் இரண்டையும் வாங்கியவுடன் ஒரே வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபடுவது சகஜம். பின்னால் ஒரு தெர்மாமீட்டரில் ஈரத் துணி சுற்றி ஈரப்பதம் அளக்கும்போது (ஈரக் குமிழ் அளவீடு) அந்த ஒரு டிகிரி உங்களை ஏமாற்றும்.

தண்ணீர் எடுப்பது

மண்டபத்தில் ஒரு வசதி உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சிறிது தூரம் நடந்தாலே இரண்டு கடலிலும் மாதிரி எடுத்துவிடலாம். ஐப்பசியிலிருந்து தை வரை எடுத்தால் வங்கக்கடலிலிருந்து தெற்கே இறங்கி வரும் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணைப் பக்கம் கலந்திருக்கும். அதே இடத்தில் வெயில் காலத்தில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தராசிலேயே தெரியும். தூத்துக்குடியில் எடுப்பவர்கள் உப்பளக் கழிவுநீர் வாய்க்காலுக்கும் இறால் பண்ணைக்கும் தள்ளி நில்லுங்கள். ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வைகை முகத்துவாரமும் வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே பாதி வைகைத் தண்ணீர்தான் கிடைக்கும்.

ஒரு லிட்டர் பெட் பாட்டில் போதும். முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, மணல் கலங்காத இடத்தில், அதே கடல்நீரால் மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். நான்காவது முறை பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, விளிம்பு வரை நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். உள்ளே காற்று இருக்கக் கூடாது. அரைப் பாட்டிலாக எடுத்துக் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்துக்கொண்டு வந்தால், மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நீர் ஆவியாகும். 5 சதவீதம் ஆவியானாலே 33.5 என்ற உப்புத்தன்மை 35.3 ஆகிவிடும். எடுத்த இடம், தேதி, நேரம், நீரின் வெப்பநிலை நான்கையும் பாட்டிலிலேயே எழுதுங்கள். பி.எச்., கரைந்த ஆக்சிஜன் இரண்டும் பயணத்தில் மாறிவிடும். வேண்டுமென்றால் கரையிலேயே பாருங்கள். உப்பும் அடர்த்தியும் வீடு வரும் வரை காத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காபி வடிகட்டும் தாளில் ஒரு முறை வடித்துவிட்டு, கடல்நீர், டிஸ்டில்டு வாட்டர், குடுவை மூன்றையும் ஒரே அறையில் இரவு முழுக்க வையுங்கள். மூன்றும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும்.

அடர்த்தியிலிருந்து உப்புத்தன்மை

உப்புத்தன்மை என்றால் ஒரு கிலோ கடல்நீரில் எத்தனை கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பது. உலகப் பெருங்கடல்களின் சராசரி சுமார் 35. சமையலறை அளவுக் கோப்பையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கோப்பையின் கோட்டிலேயே பல மில்லி பிழை இருக்கும். கனஅளவை அளக்காமல், ஒரே குடுவையை இரண்டு திரவங்களால் நிரப்பி எடை போட்டுத் தப்பித்துக்கொள்வதுதான் வழி.

காய்ந்த குடுவையை அடைப்பானோடு எடை போடுங்கள். டிஸ்டில்டு வாட்டரை விளிம்பு வரை ஊற்றி, அடைப்பானைச் சாய்த்துச் செருகி, வழிந்ததை வெளியே நன்றாகத் துடைத்து, எடை. காலி செய்து, கடல்நீரால் இரண்டு முறை அலசி, அதேபோல நிரப்பி எடை. மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். 0.05 கிராமுக்கு மேல் வேறுபட்டால் உங்கள் கை இன்னும் பழகவில்லை என்று பொருள்.

30 டிகிரியில் ஒரு மாதிரிக் கணக்கு. காலிக் குடுவை 58.20 கிராம், டிஸ்டில்டு வாட்டரோடு 157.85, கடல்நீரோடு 160.35. அப்படியானால் நன்னீர் 99.65 கிராம், கடல்நீர் 102.15 கிராம். 102.15-ஐ 99.65-ஆல் வகுத்தால் 1.0251. 30 டிகிரியில் நன்னீரின் அடர்த்தி லிட்டருக்கு 995.65 கிராம், பெருக்கினால் கடல்நீரின் அடர்த்தி 1020.6. நன்னீரைவிட 25 கிராம் கூடுதல். இந்த வெப்பநிலையில் ஒவ்வொரு அலகு உப்புத்தன்மையும் அடர்த்தியைச் சுமார் 0.745 கூட்டும். 25-ஐ 0.745-ஆல் வகுங்கள்: உப்புத்தன்மை சுமார் 33.5.

இப்போது வெப்பநிலையைப் பார்க்க மறந்தவர் கதி. அவர் புத்தகத்தில் 20 டிகிரிக்குப் போட்ட அட்டவணையை எடுக்கிறார். அதில் நன்னீர் 998.2, ஓர் அலகு உப்புக்கு 0.759. அதே 1020.6-ஐப் போட்டால் கிடைக்கும் விடை 29.5. ஒரே தண்ணீர், ஒரே தராசு, நான்கு அலகு பிழை. பாக் நீரிணையில் மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடுகிறவருக்கு இந்தப் பிழை ஒன்றே போதும், எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடையில் வாங்கும் மிதவை ஹைட்ரோமீட்டரிலும் இதே கதைதான். அதன் தண்டில் எந்த வெப்பநிலைக்குக் கோடு போட்டார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 15.5 டிகிரிக்குப் போட்டதைச் சித்திரை மாத மதுரையில் அப்படியே படித்தால் உப்பு குறைவாகத்தான் காட்டும்.

மற்ற தவறுகள்: ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த நீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழாகக் குடுவைச் சுவரில் ஒட்டும். 0.1 மில்லி குமிழ் ஒன்று உள்ளே நின்றால் உப்புத்தன்மை சுமார் 1.4 குறைந்து காட்டும். விரலால் தட்டி வெளியேற்றுங்கள். மின்விசிறிக்குக் கீழே தராசை வைக்காதீர்கள். குடுவையைக் கையால் பொத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது விரிந்து வழியும். கழுத்தை மட்டும் பிடியுங்கள்.

மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் (நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வேகமானது, இரண்டு சொட்டு போதும். ஆனால் பல கருவிகளில் கோடு சாதாரண உப்புக் கரைசலுக்குப் போட்டது. கடல்நீரில் சுமார் ஒன்றரை அலகு கூட்டிக் காட்டும். சோதிக்க, 36.5 கிராம் சோடியம் குளோரைடை 963.5 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துப் பாருங்கள். கடல்நீருக்கென்று கோடு போட்ட கருவி அதை 35 என்று படிக்கும். பூஜ்யத்தை மட்டும் சரிசெய்து திருப்திப்பட்டால் மேல்முனை எங்கே நிற்கிறது என்பது தெரியாமலே போகும்.

வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். பேனாவை நேராகக் கடல்நீரில் முக்காதீர்கள். போர் தண்ணீரின் ஆயிரத்துச் சொச்சத்தைக் காட்டப் பிறந்தது அது. கடல்நீர் அதன் எல்லையைத் தாண்டிப் பல மடங்கு. நீர்த்து அளந்து பெருக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். மின்கடத்தல் நீர்ப்புக்கு நேர்விகிதத்தில் குறையாது, அதனால் விடை கூடுதலாக வரும்.

காய்ச்சி வற்றவைத்தால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். மோசமான வழியும் இதுதான். அடியில் மிஞ்சும் உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது, எடை கூடும். விடாப்பிடியாகச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகச் சிதைந்து எடை குறையும். பைகார்பனேட்டும் தன் கார்பன் டை ஆக்சைடை இழக்கும். எப்போது அடுப்பை அணைக்கிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறும்.

அளவுக்கு உதவாவிட்டாலும் பார்ப்பதற்கு அருமையான சோதனை. ஒரு லிட்டரை அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, பங்குனி சித்திரையில் மொட்டை மாடியில் வலை மூடி வையுங்கள். (எவர்சில்வர் தட்டு வேண்டாம், குளோரைடு அதில் புள்ளி புள்ளியாகக் குழி போடும். அலுமினியம் அதைவிட மோசம்.) பாதி வற்றும்போது மெல்லிய வெள்ளைப் படலம், கால்சியம் கார்பனேட். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது ஊசி ஊசியாக ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் நம் சாப்பாட்டு உப்பு சதுரக் கட்டிகளாக மிதக்கத் தொடங்கும். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றிவிடுவதன் காரணம் இதுவே. அங்கே நீரின் அடர்த்தியைப் பாமே டிகிரி என்ற அளவில் அளப்பார்கள். கடல்நீர் சுமார் 3, உப்பு விழத் தொடங்குவது 25 சொச்சம், 29–30 வந்ததும் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வற்றவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து விழுந்து கசக்கும்.

குளோரைடை அளந்து உப்பைச் சொல்வது

கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய 55 சதவீதம் குளோரைடு, 30.6 சோடியம், 7.7 சல்பேட், 3.7 மெக்னீசியம், 1.2 கால்சியம், 1.1 பொட்டாசியம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். மொத்த உப்பு கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் திறந்த கடலில் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆகவே ஒன்றை அளந்தால் போதும்: ஒரு கிலோவில் உள்ள குளோரைடு கிராமை 1.80655-ஆல் பெருக்கினால் உப்புத்தன்மை. ஆற்று முகத்துவாரத்துக்கும் போர் தண்ணீருக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தாது. நம்மூர்ப் போர் தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட் பங்கு வேறு.

பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க: கடல்நீர் 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலும் குளோரைடு இருக்கிறது. இதில் 20 மில்லியைக் கூம்புக் குடுவையில் எடுத்து, 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் ஒரு மில்லி விடுங்கள். பியூரெட்டில் 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட் (லிட்டருக்கு 16.99 கிராம்). சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டுங்கள். மஞ்சள் நீரில் முதலில் வெள்ளை வீழ்படிவு. ஆட்டியும் மறையாத செங்கல் சாயல் வந்த சொட்டில் நிறுத்துங்கள். அடர் சிவப்பு வரை போனால் தாண்டிவிட்டீர்கள்.

10.7 மில்லி செலவானால்: 10.7 × 0.1 × 35.45 = 37.9 மில்லிகிராம் குளோரைடு. இது 2 மில்லி கடல்நீரில் இருந்தது, அதாவது லிட்டருக்கு 18.97 கிராம். லிட்டரைக் கிலோவாக்க 1.0206-ஆல் வகுத்தால் 18.58, 1.80655-ஆல் பெருக்கினால் 33.6. தராசு சொன்ன 33.5-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு வழியும் ஓர் அலகுக்கு மேல் விலகினால், பெரும்பாலும் குற்றவாளி குடுவைக்குள் நின்ற காற்றுக் குமிழ் அல்லது தாண்டிய நிறம். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கருப்புக் கறை பல நாள் போகாது. குரோமேட் புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு, கழிவைத் தனிப் பாட்டிலில் சேர்த்துவையுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மண்டபம் போக முடியாதவர்கள் கடல்நீரைச் செய்துகொள்ளலாம். 35 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது. ஒரு கிலோவுக்கு: சோடியம் குளோரைடு 23.5 கிராம், படிகநீர் ஆறு கொண்ட மெக்னீசியம் குளோரைடு 10.6, நீரற்ற சோடியம் சல்பேட் 3.9, படிகநீர் இரண்டு கொண்ட கால்சியம் குளோரைடு 1.5, பொட்டாசியம் குளோரைடு 0.7, ஆப்பசோடா 0.2. சல்பேட்டையும் ஆப்பசோடாவையும் ஒரு பாத்திரத்திலும், கால்சியம் மெக்னீசியத்தை இன்னொன்றிலும் கரைத்து, இரண்டையும் நன்றாக நீர்த்த பிறகே கலக்குங்கள். கெட்டியாக இருக்கும்போதே கலந்தால் வெண்மையாகக் கலங்கும், திரும்பத் தெளியவைப்பது பாடு.

காற்றின் அழுத்தம்

மதுரை கடல்மட்டத்துக்குமேல் இடத்தைப் பொறுத்து 100 முதல் 140 மீட்டர். நம் வெப்பநிலையில் சுமார் 8.75 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (வானிலைக்காரர்கள் காற்றழுத்தத்தைச் சொல்லும் அலகு) குறையும். மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தின் உயரம் 6 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். கடலிலோ ஒரே சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு முழு வளிமண்டலம் தலைமேல் கூடும். 8.75 மீட்டரை ஒரு சென்டிமீட்டரால் வகுத்தால் வரும் 875, கடல்நீர் காற்றைவிட ஏறக்குறைய எத்தனை மடங்கு அடர்த்தி என்பதும் அதுவே.

அழுத்த உணரி உள்ள செல்போனில் 995 காட்டுகிறது, வானிலைச் செய்தியில் 1010 என்கிறார்கள் என்றால் போன் கெட்டுப்போகவில்லை. அவர்கள் சொல்வது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். 130 மீட்டரில் இருந்தால் 15 கூட்டுங்கள். ஒரு நாள் முழுக்க மணிக்கொருமுறை குறித்தால் ஓர் அழகு தெரியும்: காலை, இரவு பத்து மணிவாக்கில் உச்சம், அதிகாலை, மாலை நான்கு மணிவாக்கில் இறக்கம். வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் காற்று அலை இது, நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும். மாலையில் இறங்குவதைப் பார்த்துப் புயல் என்று கிளம்பிவிடாதீர்கள். நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பாருங்கள்.

கொதிநிலையில் ஒரு வேடிக்கை. 995-ல் நன்னீர் சுமார் 99.5 டிகிரியில் கொதிக்கும். கடல்நீரில் உள்ள உப்பு கொதிநிலையை அரை டிகிரி சொச்சம் உயர்த்தும். ஆக, மதுரை அடுப்பில் கடல்நீர் ஏறக்குறைய சரியாக 100 டிகிரியில் கொதிக்கிறது. மலிவுத் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரி பிழை இருக்கலாம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துக் கொதிக்கவைத்து வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம்

ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியை ஒற்றைச் சுற்றாகச் சுற்றி, டிஸ்டில்டு வாட்டரில் நனையுங்கள். போர் தண்ணீர் கூடாது, சில நாளில் துணியில் உப்பு ஏறி ஆவியாவதைக் குறைக்கும், ஈரக் குமிழ் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் நிழலில், சுவரைத் தொடாமல், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் திருப்புங்கள். ஐந்து நிமிடம். ஈரக் குமிழை முதலில் படியுங்கள், அதுதான் ஃபேன் நின்றால் உடனே ஏறும். மொட்டை மாடித் தளத்துக்கு மேலே தொங்கவிட்டால் சிமெண்டின் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

துணி சுற்றாத உலர் குமிழ் 36, துணி சுற்றிய ஈரக் குமிழ் 26 என்று வைப்போம். 26 டிகிரியில் நிறைவுற்ற ஆவியழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச நீராவியின் அழுத்தம், 33.6 ஹெக்டோபாஸ்கல். குமிழ்களின் வித்தியாசம் 10-ஐ 0.66-ஆல் பெருக்கிக் கழித்தால் (0.66 என்பது 995 அழுத்தத்துக்கும் நல்ல காற்றோட்டத்துக்கும்) 27.0. 36 டிகிரியில் நிறைவு 59.4. 27-ஐ 59.4-ஆல் வகுத்தால் 45 சதவீதம். வேண்டிய மற்ற எண்கள்: 24 டிகிரிக்கு 29.8, 28-க்கு 37.8, 30-க்கு 42.4, 32-க்கு 47.6, 34-க்கு 53.2, 38-க்கு 66.3.

அதே 27 ஹெக்டோபாஸ்கல் ஆவி விடியற்காலை 26 டிகிரியில் இருந்தால் ஈரப்பதம் 80 சதவீதம். காற்றில் ஒரு துளி ஆவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 80 மதியத்தில் 45 ஆகிவிட்டது. ‘இன்றைக்கு ஈரப்பதம் 45’ என்று மட்டும் எழுதிய நோட்டு இதைச் சொல்லாது.

டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கியவர்கள் அதை உப்பாலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். 25–30 டிகிரியில் உள்ளே 75 சதவீதம் இருக்க வேண்டும். 70 காட்டினால் அந்தப் பகுதியில் 5 கூட்டிப் படியுங்கள். உப்பு முழுக்கக் கரைந்து நீராகத் தேங்கினால் சோதனை செல்லாது, கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல் உப்பைப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்குவது, அதனால் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75-க்குக் கீழே போகும். ஐப்பசி அடைமழையில் தூள் உப்பு டப்பா கட்டி தட்டுவதற்குள் கல் உப்புச் சட்டியின் அடியில் நீர் கசிந்திருப்பதும் இதனால்தான். ஒரு சிட்டிகை கல் உப்பையும் தூள் உப்பையும் இரண்டு தட்டில் ஜன்னலோரம் வைத்து, விடியற்காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் தராசில் போட்டு எழுதுங்கள், பக்கத்தில் வெப்பநிலையோடு.